ஆலன் டூரிங்

கோவை நகருக்கு அணித்தேயுள்ள போத்தனூர், இருப்புப்பாதைகள் கூடுமிடம் என்னும் அளவில் நம்மிற் பலரும் அறிந்த ஊர். 1881ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்த ஈத்தல் சாரா ஸ்டோனி என்னும் நங்கையே ஆலன் டூரிங்கின் அன்னையார். அவ்வம்மையாரின் தந்தை சென்னை இருப்புப்பாதையில் தலைமைப் பொறியாளராய் விளங்கியவர். கணவர் ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அலுவலர். மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரிற் பிறந்தார். இளையவராகிய ஆலன், பெற்றோர் தாயகம் சென்றிருந்த காலத்தில், 1912ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 23ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார்.

நம் நாட்டு வாழ்க்கை குழந்தைகளின் உடல்நலத்திற்கு ஒவ்வாதென அஞ்சிய பெற்றோர், மக்கள் இருவரையும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர் இல்லத்தில் விட்டு மீண்டனர். மாகாணத்தின் வரிக்கணக்கையும் வழக்கையும் தந்தை பார்த்துக்கொண்டிருக்க, மகன் பிறர் மனையில் வளர்ந்தான். ஆங்கில ஆட்சியால் நம் மக்கள் இழந்தவற்றைப் பலர் எழுதியுள்ளனர். அவ்வாட்சியை நடத்தினோர் தம் வீட்டில் இழந்தது இது.

1926இல் ஷெர்போர்ன் பள்ளியிற் சேரும் நாளில் நாடெங்கும் வேலைநிறுத்தம்; புகைவண்டி ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஏறத்தாழ 60 மைல் தூரத்தைத் தன்னந்தனியே மிதிவண்டியிற் கடந்து, இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கிப் பள்ளி சேர்ந்தான். அங்கே கிறிஸ்டபர் மார்கம் என்னும் மாணவன் அவனுக்கு ஆருயிர்த் தோழனானான். 1930ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்தோழன் காசநோயால் மாண்டான். உடல் அழிந்தபின் உள்ளம் எங்குச் செல்கிறது, அது வேறோர் உடலைப் பற்றுமோ என்று டூரிங் நெடுநாள் சிந்தித்தார். அது குறித்துத் தோழனின் தாய்க்கு ஒரு சிறு கட்டுரையும் எழுதினார். பிற்காலத்தில் அவர் சமயநம்பிக்கையை விட்டு நீங்கினார் எனினும், அவ்வினா அவரை விட்டு நீங்கிற்று என யான் கருதவில்லை. ஒரு பொறியின் உயிர் போன்றது எது, அது மற்றொரு பொறியினுட் புகுமா என்பதே அவர் வாழ்நாட் பணியாயிற்று.

1931இல் கேம்பிரிட்ஜ் புகுந்தார். எம்மூராகிய வலங்கைமானுக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசனை உலகிற்கு அறிவித்த ஹார்டியும் அவ்வாண்டே அப்பல்கலைக்கழகத்திற்கு மீண்டார். 1935இல் நியூமன் என்னும் ஆசிரியரின் விரிவுரைகளால் ஒரு வினா டூரிங்கின் உள்ளத்திற் பதிந்தது. எக்கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிறுவத்தக்கதா அன்றா என்பதை விதிப்படி வினைசெய்தே முடிவுகட்டும் முறை உண்டா? செருமானியப் பேரறிஞர் ஹில்பர்ட்டு எழுப்பிய வினா இது. இல்லை என்று டூரிங் காட்டினார். அமெரிக்க அறிஞர் சர்ச்சு, வேறு வழியால், அவ்விடையைச் சற்று முன்னரே கண்டிருந்தார். ஆயின் விடையினும் சிறந்தது டூரிங் சென்ற வழி.

கட்டங்களிட்ட ஒரு நீண்ட நாடா; ஒரு வேளையில் ஒரு கட்டத்தைப் படித்தும், அழித்தும், எழுதியும் இடமோ வலமோ நகரும் ஒரு தலை; இன்ன குறி கண்டால் இன்னது செய்க எனும் அட்டவணை. இவ்வளவே அவர் மனத்தாற் படைத்த பொறி. கணக்கு வேறாயின் அட்டவணையும் வேறாகும். எனவே பொறியும் வேறாகும். அப்பாற்றான் அவர்தம் மேதை தோன்றிற்று. பிறிதொரு பொறியின் அட்டவணையை நாடாவில் எழுதித் தந்தால், அதனைப் படித்து அப்பொறியாகவே நடிக்கும் ஒரு பொறி உண்டு என நிறுவினார். கூத்தன் ஒருவனே அரசனாகவும் ஆண்டியாகவும் வருவதனை ஒக்கும் இது. 1936ஆம் ஆண்டு இக்கட்டுரை வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு அகவை இருபத்துநான்கு.

இது வெறுங்கற்பனை அன்றென்பதைக் கணிப்பொறி பயிலும் நண்பர்கள் அறிவர். மூலநிரல் எவர்க்கும் திறந்துள்ள லினக்ஸ் இயக்குதளத்தில் 2007ஆம் ஆண்டு கேவிஎம் என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. அதனால் ஒரு கணிப்பொறியினுள் பல மெய்நிகர்ப் பொறிகள் எழுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இயக்குதளம் கொண்டு, தான் தனிப்பொறி என்றே ஒழுகுகின்றது. யூனிக்ஸ் வழிவந்த ஃபிரீபிஎஸ்டியில் 2014 முதல் பீஹைவ் அப்பணியைச் செய்கிறது. அதே தளத்தில் 2000ஆம் ஆண்டு வந்த ஜெயில் என்பதோ வேறு வகை: உட்கரு ஒன்றே, அதன்மேல் தடுப்புகள் மட்டும் பல. முன்னது தனி வீடு. பின்னது ஒரு கூரையின்கீழ் ஒண்டுக்குடித்தனம். செலவு குறைவு, ஆனால் கூரை சரிந்தால் அனைவர்க்கும் கேடு. டூரிங்கின் பொறி ஒவ்வோரடியையும் படித்துப் படித்தே நடிக்கும். கேவிஎம் போன்றன பெரும்பகுதியை நேரே செயலியிடம் விட்டு, தடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் குறுக்கிடுகின்றன. விரைவு அதனால் வருவது. குடமுருட்டியில் வரும் நீர் ஒன்றே. மதகும் மடையும் முறைவைத்துத் திறக்க, வயல்தோறும் ஆறு தன்னுடையதே போல நெல் விளைகின்றதன்றோ? செயலியின் காலத்தைப் பங்கிடுவதும் அத்தகையதே.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் டூரிங் பிளெட்சிலி பார்க் சேர்ந்தார். செருமானியரின் எனிக்மா எழுத்துமாற்றுப் பொறியைப் போலந்து நாட்டு அறிஞர் மூவர் முன்னரே ஆராய்ந்து வழிதிறந்திருந்தனர். பகைவர் பின்னர்ப் புகுத்திய மாற்றங்களையும் வெல்லுமாறு டூரிங் பாம்ப் என்னும் பொறியை வகுத்தார். வெல்ச்மன் அதனை மேலும் திருத்தினார். அப்பொறி ஒன்றினுள் 36 எனிக்மாக்களின் நிகருருக்கள் சுழன்றன. ஐந்து சக்கரங்களில் மூன்றை எடுத்து அடுக்கும் வகை 60. கடற்படைக்கு எட்டில் மூன்றாதலின் 336. ஒவ்வோர் அடுக்கிலும் 17,576 நிலைகள். ஒரு பொறியால் உரிய காலத்தில் ஆகாத தேடலைப் பல பொறிகள் பங்கிட்டுத் தேடின. போர் முடியுமுன் ஏறத்தாழ 200 பொறிகள், பகைவர் குண்டு ஒன்றால் யாவும் அழியாவண்ணம் பல ஊர்களிற் பிரித்து நிறுத்தப்பட்டன. வேலையைப் பகிர்தல், ஒன்று வீழினும் பிற நிற்றல் என்னும் இவ்விரண்டுமே இன்று கணிப்பொறிக் கொத்து அமைப்போர் நாடும் பயன்கள். 1994இல் அமெரிக்க நாசா நிறுவனத்தில் லினக்ஸ் கொண்டு 16 செயலிகளைப் பிணைத்த பியோவுல்ஃப் கொத்து அவ்வழியில் புகழ்பெற்றது.

போருக்குப்பின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திற்கு ஏஸ் என்னும் கணிப்பொறியை வரைந்தார்; அது கட்டப்படத் தாழ்த்தமையால் வெறுப்புற்று 1948இல் மான்செஸ்டர் சென்றார். 1951இல் இராயல் சங்க உறுப்பினரானார்.

அடுத்த ஆண்டே வழக்கு வந்தது. ஆடவர் இருவரின் உறவை அந்நாட்டுச் சட்டம் அன்று குற்றம் என்றது. தம் வீட்டிற் களவு போனதைக் காவலரிடம் முறையிடச் சென்றவர், வினவப்பட்டபோது தம் உறவை மறையாது கூறினார். சிறைக்கு மாற்றாக ஓராண்டு மருந்தூட்டத்திற்கு இசைந்தார். நாட்டின் மறைபொருட்பணியிலிருந்தும் விலக்கப்பட்டார். தன் கப்பல்களைக் காத்த அறிவை அரசு இவ்வாறு நடத்தியதைப் படிக்குந்தோறும் நெஞ்சு வெதும்புகிறது. 1954 ஜூன் 7ஆம் நாள் சயனைடு நஞ்சால் இறந்தார், அகவை 41. தற்கொலை என்றது விசாரணை. தாய் அதனை ஏற்றிலர். கைப்பிழையால் நேர்ந்தது என்றே கொண்டார். 1959இல் மகன் வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார். போர்க்காலப் பணியின் விவரம் அதில் இல்லை. அரசு அதனை 1970களின் நடுப்பகுதி வரை மறைவாகவே வைத்திருந்தது.

2009இல் பிரிட்டிஷ் தலைமை அமைச்சர் வருத்தம் தெரிவித்தார். 2013 டிசம்பர் 24ஆம் நாள் அரசியார் மன்னிப்பு வழங்கினார். மன்னிக்கப்பட வேண்டியவர் எவர் என்பது வேறு செய்தி. 2021 ஜூன் 23ஆம் நாள் அவர் உருவந்தாங்கிய 50 பவுன் தாள் வெளிவந்தது. அதில் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையின் அட்டவணை ஒன்றும், அவர் பிறந்த நாளை ஒன்றும் சுழியுமாகக் குறித்த நாடா ஒன்றும் அச்சிடப்பட்டுள்ளன.