நோய் காட்டிய வழி

சவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தார்க்குத் திருப்பத்தூர் அயலூர் அன்று. அவ்வூர்த் தாலுகா அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே ஒரு மெலிந்த இளைஞர் எழுத்தராக அமர்ந்திருந்தார். 1912 ஏப்ரல் 25ஆம் நாள் பிறந்து, வாலாசாப்பேட்டையை அடுத்த வேலத்தில் வளர்ந்தவர். முன்னோர் இட்ட பெயர் திருவேங்கடம். தமிழுலகம் அறிந்த பெயர் மு.வரதராசன்.

பள்ளியிறுதித் தேர்வு முடிந்ததும் கிடைத்த அரசுப் பணி அது. அந்நாளைய நடுத்தரக் குடும்பத்திற்கு அதனினும் பெரிய பேறு வேறில்லை. ஆயின் உடல் ஒத்துழைக்கவில்லை. நோய் முற்றவே பணியைத் துறந்து, ஓய்வுக்காக வேலத்திற்குத் திரும்பினார். இருபது வயதும் நிரம்பாத ஒருவருக்கு இது எத்துணைப் பெரிய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நோயைப் போற்றுவதும் தவறு; அது எத்தனையோ இளைஞர்களை வீழ்த்தி மட்டுமே சென்றிருக்கிறது. இவருக்கு வாய்த்த நற்பேறு, திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்னும் தமிழாசான் இருந்தமை. அவரிடம் பாடங் கேட்டும் தாமே பயின்றும் 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதல்வராகத் தேறினார். கோப்புகளை விட்டு நீங்கிய அதே திருப்பத்தூரில், உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக மீண்டும் நுழைந்தார்.

பின்னர் 1939இல் பச்சையப்பன் கல்லூரி. 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். ஒழுங்கான உணவு, அளவான உழைப்பு, வீண்பேச்சின்மை ஆகியவற்றை அவர் கடைப்பிடித்ததைச் சிலர் கண்டிப்பு என்றனர். இளமையில் உடலை இழக்கவிருந்தவர் கற்ற பாடம் அது என்று கொள்வதே பொருந்தும். அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் எழுதுவதாக அமைந்த அவர்தம் கடித நூல்களில் இப்பாடம் அறிவுரையாகவே வெளிப்படுகிறது. கலைச்சுவை குறைவு என்னும் குறையை அவை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் ‘அகல் விளக்கு’ அவ்வாறன்று. அறிவும் அழகும் நிரம்பிய சந்திரன் நெறியிழந்து அழிய, அத்துணை ஒளியில்லாத அவன் நண்பன் நின்று நிதானமாக எரிகிறான். வாலாசாப்பேட்டைத் தெருக்களில் தொடங்கும் அந்நாவலுக்கு 1961இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அப்பொறுப்பில் இருந்தபோதே 1974 அக்டோபர் 10ஆம் நாள் மறைந்தார், அகவை அறுபத்திரண்டு.