சரக்கு ஷாமுக்குப் போனது, அன்னை கதீஜா (ரலி) மக்காவிலேயே இருந்தார்கள்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏராளமான பெண்கள் உழைக்கிறார்கள். ஆனால் சொந்தத் தொழில் என்றதும், வெளியூர் போய்ச் சரக்கு விற்க நம்மால் ஆகாது என்று நம் வீட்டுப் பெண்கள் பலர் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காக அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வாழ்வை நினைவுகூர்வோம்.

மக்காவில், குறைஷிக் குலத்தில், குவைலிதின் மகளாகப் பிறந்தார்கள். விதவையான பின்னும் வணிகத்தை விடவில்லை. ஷாம் செல்லும் கூட்டத்துடன் தாம் போகாமல், நம்பகமானவர்களிடம் சரக்கை ஒப்படைத்து லாபத்தில் பங்கு கொடுத்தார்கள். இந்தக் கூட்டு முறைக்கு முளாரபா என்று பெயர். நேர்மைக்குப் பேர்பெற்ற முஹம்மத் (ஸல்) அவர்களையும் அப்படியே தேர்ந்தெடுத்து, பணியாளர் மைஸராவை உடன் அனுப்பினார்கள். நல்ல லாபம் வந்தது. மைஸரா சொன்ன நற்பண்புகளைக் கேட்டு, திருமண விருப்பத்தையும் தாமே முன்வந்து தெரிவித்தார்கள்.

நபித்துவம் கிடைத்தபோது முதலில் ஈமான் கொண்டவர்களும் அவர்களே. ஈட்டிய செல்வத்தைத் தீனுக்காகச் செலவிட்டு, ஹிஜ்ரத்துக்கு 3 ஆண்டுகளுக்கு முன் வஃபாத் ஆனார்கள்.

பயணம் போகாதது அவர்களுக்குத் தடையாகவில்லை. ஆளறிந்து ஒப்படைத்தார்கள், பங்கை முன்பே பேசிக்கொண்டார்கள். நம் பெண்களும் அங்கிருந்தே தொடங்கலாம். அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.