தரையில் நடந்த போர்கள்: எச். ஜி. வெல்ஸ்

நுழையும்முன்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பழமையான பலாமரத்தின் அடிமரம் பாதுகாக்கப்படுகிறது. பகைவரிடமிருந்து தப்பிய மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பது மக்கள் வழக்கு. அவரது படையே 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றது. கேரள, தமிழக எல்லையில் உள்ள சிற்றூர்களிலும் இவ்வாறு போரின் சுவடுகள் உள்ளன. போர்க்கதைகள் மனத்தை ஈர்க்கின்றன. போர்களோ மக்களை அழிக்கின்றன. அந்த ஈர்ப்பை ஓர் அறையின் தரைக்குள் அடக்கிக்காட்டிய எழுத்தாளரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

வறுமையில் வளர்ந்த சிறுவன்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ், இங்கிலாந்தின் பிராம்லி என்னும் ஊரில் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜோசப், பீங்கான் பொருள்களும் கிரிக்கெட் கருவிகளும் விற்கும் சிறு கடையை நடத்தினார். கிரிக்கெட் ஆடியும் பொருள் ஈட்டினார். தாய் சாரா, செல்வர் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். 1874-இல் கால் முறிந்து படுக்கையில் கிடந்த மகனுக்குத் தந்தை நூலகத்திலிருந்து நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வாழ்நாள் முழுவதும் நீடித்த வாசிப்புப் பழக்கம் அப்போது வேரூன்றியது.

1877-இல் தந்தையின் காலும் முறிந்தது. கிரிக்கெட் வருமானம் நின்றது. பள்ளிப் படிப்பை விடுத்து, வெல்ஸ் ஜவுளிக்கடையில் தொழில் பழகச் சென்றார். நாள்தோறும் 13 மணி நேர உழைப்பு. இரவில் பிற பணியாளர்களுடன் பொது அறையில் உறக்கம். அவ்வாழ்க்கையை வெறுத்த அவர் 1883-இல் அதிலிருந்து விடுபட்டார். அடுத்த ஆண்டு உதவித்தொகை பெற்று, இலண்டனில் அறிவியல் கல்லூரியில் சேர்ந்து, புகழ்பெற்ற தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார்.

1895-இல் வெளிவந்த 'டைம் மெஷின்' என்னும் புதினம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. செவ்வாய்க் கோளினர் பூமியின்மீது படையெடுப்பதைக் கூறும் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1898-இல் வந்தது.

தரையே போர்க்களம்

வெல்ஸுக்கு ஜார்ஜ் பிலிப், பிராங்க் என்னும் இரு மகன்கள் இருந்தனர். அவர்களோடு தரையில் அமர்ந்து மரக்கட்டைகளால் தீவுகளும் நகரங்களும் அமைப்பதில் அவர் மகிழ்ந்தார். அந்த விளையாட்டுகளை விளக்கி 1911-இல் 'ஃபுளோர் கேம்ஸ்' என்னும் நூலை எழுதினார்.

அக்காலத்தில் சிற்றுருவப் படைவீரர்கள் எளிய விலையில் கிடைத்தனர். அதற்குக் காரணம், இலண்டனிலிருந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் கொண்டுவந்த புதிய வார்ப்பு முறை. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவர். ஓரம் இறுகியதும், நடுவில் உருகியிருப்பதை வெளியே கவிழ்த்துவிடுவர். உள்ளீடற்ற உருவம் கிடைக்கும். உலோகச் செலவும் எடையும் குறையும். ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அவ்வீரர்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினர்.

சுருள்வில்லின் விசையால் சிறு மரத்துண்டை எய்யும் பொம்மைப் பீரங்கிகளும் விற்கப்பட்டன. ஒருநாள் வெல்ஸின் இல்லத்துக்கு வந்த நண்பர் ஒருவர், மதிய உணவுக்குப்பின் அத்தகைய பீரங்கியால் பொம்மை வீரர்களைக் குறிபார்த்து வீழ்த்தத் தொடங்கினார். வெல்ஸும் போட்டியில் இறங்கினார். அந்தப் பொழுதுபோக்கு படிப்படியாக விதிகளுடைய ஆட்டமாக வளர்ந்து, 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலாயிற்று.

போரை ஆட்டமாக ஆடும் வழக்கம் அதற்கு முன்பும் இருந்தது. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகள் 1824 முதல் நிலப்படத்தையும் பகடையையும் கொண்டு போர்ப்பயிற்சி பெற்றனர். அது கடினமான கல்வி. வெல்ஸ் அமைத்ததோ வீட்டுத் தரையில் எவரும் ஆடத்தக்க எளிய ஆட்டம்.

விதிகளும் நிலமும்

பலகைகளை வைத்துக் குன்றுகளை அமைப்பர். சுண்ணக்கட்டியால் ஆறு வரைவர். மரக்கிளைகளின் சிறு நுனிகள் காடாகும், மரக்கட்டைகள் வீடாகும். ஒருவர் நிலத்தை அமைத்தால், எந்தப் பக்கத்தில் நிற்பது என்பதை மற்றவர் தேர்ந்தெடுப்பார். ஆதலால் தமக்கு மட்டும் நன்மை தரும் வகையில் நிலத்தை அமைப்பதால் பயனில்லை. படைகளை நிறுத்தும்போது நடுவே திரை தொங்கும். காலாள் ஒருமுறைக்கு ஓர் அடியும், குதிரைவீரர் இரண்டு அடியும் நகரலாம். பீரங்கியின் அருகில் தம் வீரர் நால்வரேனும் இருந்தால்தான் அதை இயக்கலாம். ஒவ்வொரு முறைக்கும் கால வரம்பு உண்டு.

இவ்வளவு சிறிய போரை நடத்தும்போதே கவனக்குறைவும் அவசரமும் நல்ல திட்டங்களைக் குலைப்பதை வெல்ஸ் கண்டார். நூலின் இறுதியில் அவர் தம் கருத்தைத் தெளிவாக உரைத்தார். ஈய வீரர் வீழ்ந்தால் எடுத்துப் பெட்டியில் வைக்கலாம். எந்தத் தாயும் அழுவதில்லை, எந்த ஊரும் எரிவதில்லை. சில முறை இதை ஆடியவர், உண்மைப் போர் எத்துணைப் பெரிய மடமை என்பதை உணர்வர் என்று அவர் நம்பினார்.

பொய்த்த நம்பிக்கை

நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. போர்களுக்கெல்லாம் முடிவுகட்டும் போர் இது எனக் கருதி வெல்ஸ் அதனை ஆதரித்து எழுதினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. நாடுகள் ஒன்றுகூடி அமைதி காக்க வேண்டும் என்று பிற்காலத்தில் இடைவிடாது வலியுறுத்தினார். 1933-இல் ஜெர்மனியில் நாஜிகள் எரித்த நூல்களில் அவருடையனவும் இருந்தன. 1940-இல் மனித உரிமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

1914-இல் வெளியிட்ட புதினமொன்றில் அவர் அணுகுண்டைக் கற்பனை செய்திருந்தார். 1945-இல் ஹிரோஷிமாவின்மீது உண்மை அணுகுண்டு வீசப்பட்டதை அறியும் வரை அவர் வாழ்ந்தார். 1946 ஆகஸ்டு 13-ஆம் நாள் இலண்டனில் காலமானார். சிற்றுருவப் படைகளுக்கு வண்ணம் தீட்டி, நிலம் அமைத்து ஆடுவோர் இன்று பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் 'லிட்டில் வார்ஸ்' நூலைத் தம் கலையின் முன்னோடியாகப் போற்றுகின்றனர்.

சொல்லும் பொருளும்

சுவடு – அடையாளம்
புதினம் – நாவல்
சிற்றுருவம் – அளவில் சிறிய உருவம்
உள்ளீடற்ற – உள்ளே வெறுமையான
மடமை – அறியாமை

விடை எழுதுக

1. வெல்ஸின் இளமையில் வாசிப்புப் பழக்கம் எவ்வாறு தோன்றியது?
2. சிற்றுருவ வீரர்களின் விலை குறைந்ததற்குக் காரணம் யாது?
3. ஒருவர் நிலம் அமைக்க, மற்றவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் விதி ஏன் நேர்மையானது?
4. போரை வெறுத்த வெல்ஸ் 1914-இல் போரை ஆதரித்தார். இது குறித்து உன் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

குளச்சல் கடற்கரையையோ நெய்யாற்றின் கரையையோ அட்டைப் பலகையில் சிற்றுருவ நிலமாகக் குழுவாக அமைக்கவும். மணலையும் செம்மண்ணையும் பசைமேல் தூவலாம். தென்னைநாரைப் பச்சை வண்ணத்தில் தோய்த்துப் புதர் ஆக்கலாம். களிமண் உருவங்கள் உலர்ந்தபின் வெண்பூச்சு இட்டு, அடர்நிறம் தீட்டுக. பின்னர்த் தூரிகையை நன்கு துடைத்து, மேடான பகுதிகளில் மட்டும் இளநிறத்தை மெல்லத் தேய்க்க. பழைய ஈயப் பொம்மைகளைப் பயன்படுத்த வேண்டா, ஈயம் நஞ்சு.