தளிர் தேடிய மாணவர்

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855ஆம் ஆண்டு பிறந்தவர் உ.வே.சாமிநாதையர். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனும் இசையில் சிறக்க வேண்டுமென விரும்பினார். ஆங்கிலம் கற்றால் அரசுப்பணி கிடைக்கும், வடமொழி கற்றால் மறுமைக்கு ஆகும், தமிழ் இரண்டிற்கும் உதவாது என்பது அன்று பலருடைய எண்ணம். வறுமையில் உழன்ற குடும்பம் அதனை எளிதில் புறந்தள்ள இயலாது. ஆயினும் மகனின் நெஞ்சம் தமிழிலேயே நின்றது.

1871ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளையே பாடம் சொன்னார். ஆசிரியரிடம் நேரே பாடம் கேட்க ஏங்கிய இளைஞர் ஒரு வழி கண்டார். பிள்ளை தம் வீட்டுத் தோட்டத்தில் மரம், செடிகளை வைத்து, அவை தளிர்ப்பதைக் காலைதோறும் கண்டு மகிழ்பவர். சாமிநாதர் அவருக்கு முன்பே எழுந்து, எந்தச் செடி எங்கே தளிர்த்திருக்கிறது எனத் தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுவார். செடியில் தொடங்கிய பேச்சு செய்யுளுக்கு வந்தது. விரும்பிய பாடமும் கிடைத்தது.

பிள்ளை மாணவரிடம் ஊதியம் பெற்றதில்லை. உண்டியும் உறையுளும் அளித்துக் கற்பித்தார். சாதி, சமய வேறுபாடும் பாராட்டியதில்லை. தாம் இயற்றும் புராணச் செய்யுள்களை அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவர். ஒரு நூல் பிறப்பதை அருகிருந்து காண்பதினும் சிறந்த இலக்கணப் பாடம் வேறு உண்டோ? 1876இல் ஆசிரியர் மறையும்வரை இக்கல்வி தொடர்ந்தது.

1880இல், ஓய்வுபெற்ற தியாகராசச் செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் சாமிநாதையர் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் முன்சீபு சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணங்களை அடுக்கினார். அவற்றால் என்ன பயன் என்று முதலியார் வினவினார். சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்றும் கேட்டார். இல்லை என்பதே விடை. பயனற்றது என்னும் சொல் இம்முறை தமிழறிந்த ஒருவரிடமிருந்தே வந்தது.

அவ்வினா அவரைப் பழைய நூல்களின்பால் திருப்பியது உண்மை. ஆனால், முன்பின் கண்டிராத நூலின் சிதைந்த ஏட்டைப் பிரித்து, சீர் பிரித்து, பிழை உணர்ந்து படிக்கும் பயிற்சி மாயூரத்தில் பெற்றதே. விளங்காத சமயக் கருத்துகளுக்குக் கும்பகோணத்துச் சமணர்களை நாடினார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன.

முதுமையில் தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதினார். சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு, வேலை பெற்றுத்தந்த செட்டியாரின் நினைவாகத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார்.