கணக்கில் வராத ஓட்டங்கள்

எங்கள் கல்லூரியில் எல்லே போட்டி நடக்கும் நாட்களில் எனக்குக் கிடைப்பது ஒரு மேசையும் ஒரு புள்ளிப் புத்தகமும்தான். வேகமாக ஓட முடியாதவளுக்கு ஒதுக்கிய வேலை என்றே அதை நினைத்திருந்தேன். ஜோஷ் கிப்சனின் வாழ்க்கையை வாசித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஜோஷ் கிப்சன் ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் வீரர். பேஸ்போல் நமது எல்லேயை ஓரளவு ஒத்த விளையாட்டு. வீசப்படும் பந்தை உருண்டையான மட்டையால் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை மைதானத்தின் வேலிக்கு அப்பால் பறக்கவிட்டால் அது ஹோம் ரன். கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் அடிப்பதைப் போன்றது. அந்த அடியில் கிப்சனுக்கு நிகரானவர் அரிது என்பதே அவரோடு ஆடியவர்கள் பலரின் கருத்து.

அவர் 1911 டிசம்பர் 21 ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தில் புவேனா விஸ்டா என்ற சிற்றூரில் பிறந்தார். அடிமைத்தளை சட்டப்படி ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு நல்ல பாடசாலையோ நல்ல கூலியோ கிடைக்கவில்லை. தந்தை வடக்கே பிட்ஸ்பேர்க் நகருக்குச் சென்று உருக்காலையில் வேலை தேடிக்கொண்டார். பின்னர் குடும்பமும் அங்கு சென்றது. சிறுவன் ஜோஷ் மின்வேலை பழகினான். இளவயதிலேயே உழைக்கத் தொடங்கினான். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மைதானத்தில் நின்றான்.

1930 ஆம் ஆண்டு, 18 வயதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பின அணியில் இடம் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு அவருடைய இளம் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்தபோது உயிரிழந்தார். ஆண் ஒன்று, பெண் ஒன்று. தாயின் உறவினர்களே அப்பிள்ளைகளை வளர்த்தனர். ஊர் ஊராக விளையாடிப் பிழைக்கும் தந்தைக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்தத் துயரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லையாம்.

அக்காலத்தில் அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் வெள்ளையர் மட்டுமே ஆடலாம். அப்படி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அணி உரிமையாளர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட உடன்பாடு அது. எனவே கறுப்பின மக்கள் தமக்கென்று தனி லீக்குகளை அமைத்துக்கொண்டனர். அந்த வீரர்கள் பஸ்ஸில் நூற்றுக்கணக்கான மைல்கள் பயணம் செய்தார்கள். பல ஹோட்டல்கள் அவர்களுக்கு அறை கொடுக்கவில்லை. பல உணவகங்கள் உள்ளே விடவில்லை. பஸ்ஸிலேயே உறங்கி எழுந்து, சில நாட்களில் இரண்டு மூன்று ஆட்டங்களும் ஆடினார்கள். நிறத்தால் ஒருவருக்கு மேல் ஒருவருக்கு உயர்வில்லை என்ற நபிகளாரின் (ஸல்) இறுதிப் பேருரையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இதை வாசிக்கும்போது நெஞ்சு கனத்தது.

கிப்சன் அணியில் செய்த வேலையும் இலேசானதல்ல. நமது விக்கெட் காப்பாளரைப் போல, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து ஒவ்வொரு பந்தையும் பிடிப்பவர் அவர். முழங்காலும் விரல்களும் தேய்ந்துபோகும் வேலை அது. அதையும் செய்துகொண்டுதான் அவ்வளவு பலமாக அடித்தார். 1930களில் பிட்ஸ்பேர்க் குரோஃபர்ட்ஸ் அணியிலும், பிறகு மீண்டும் கிரேஸ் அணியிலும் ஆடினார். டொமினிக்கன் குடியரசு, மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய நாடுகளிலும் அவரை அழைத்து ஆடவைத்தார்கள். அங்கெல்லாம் அவருடைய நிறம் தடையாக இருக்கவில்லை.

வெள்ளையரின் லீக்கில் புகழ்பெற்ற அடிவீரர் பேப் ரூத். கிப்சனைக் கறுப்பு பேப் ரூத் என்று பத்திரிகைகள் அழைத்தன. ரூத்தைத்தான் வெள்ளைக் கிப்சன் என்று அழைக்க வேண்டும் எனக் கறுப்பின இரசிகர்கள் வாதாடினார்கள். யார் பெரியவர் என்று ஒரே மைதானத்தில் பார்க்கும் வாய்ப்பை உலகம் இழந்துவிட்டது.

1943 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிப்சன் மயங்கி விழுந்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டி என்று வைத்தியர்கள் கூறினர். சத்திரசிகிச்சைக்கு அவர் உடன்படவில்லை. கடும் தலைவலியோடு விளையாட்டைத் தொடர்ந்தார். மதுப்பழக்கமும் அவருடைய உடலை அரித்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அதே 1943 இல்தான் அவர் தமது மிகச் சிறந்த பருவங்களில் ஒன்றை ஆடினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவருடைய அணி கறுப்பின லீக்குகளின் உலகத் தொடரை வென்றது.

1945 இல் புரூக்ளின் டொட்ஜர்ஸ் நிறுவனம் ஜெக்கி ரொபின்சன் என்ற கறுப்பின இளைஞரை ஒப்பந்தம் செய்தது. கதவு திறக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1947 ஜனவரி 20 ஆம் திகதி கிப்சன் காலமானார். அப்போது அவருக்கு வயது 35. சரியாக 85 நாட்களின் பின், ஏப்ரல் 15 ஆம் திகதி, ரொபின்சன் பெரிய லீக்கில் காலடி வைத்தார்.

கிப்சனின் கல்லறை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பெயர்ப்பலகை கூட இன்றிக் கிடந்தது. 1972 இல் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்போல் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. அங்குள்ள பலகை, அவர் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் அடித்ததாகச் சொல்கிறது. ஆனால் லீக் ஆட்டங்களில் உறுதிசெய்யப்பட்டவை 200க்கும் குறைவு. மற்றவை சிற்றூர் அணிகளோடும் வெளிநாடுகளிலும் அடிக்கப்பட்டவை. அவற்றுள் பலவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. கறுப்பின லீக்குகளுக்கு ஒழுங்காகக் கணக்கெழுதப் பணமும் இருக்கவில்லை.

பிற்காலத்தில் ஆய்வாளர்கள் சிலர் பழைய பத்திரிகைகளைப் புரட்டத் தொடங்கினார்கள். கறுப்பின மக்களுக்காக வெளிவந்த பிட்ஸ்பேர்க் கூரியர் போன்றவற்றில் அச்சான சிறு புள்ளி அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டினார்கள். பல ஆண்டு உழைப்பு அது. 2020 இல், 1920 முதல் 1948 வரையான கறுப்பின லீக்குகளும் பெரிய லீக்குகளே என ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2024 மே மாதம் 2,300க்கும் அதிகமான வீரர்களின் கணக்குகள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அன்று கிப்சனின் சராசரி .372 எனப் பதியப்பட்டது. அதாவது அடிக்க நின்ற 1,000 தடவைகளில் 372 தடவை வெற்றிகரமாக அடித்தார் என்று பொருள். பத்துக்கு மூன்று அடித்தாலே சிறந்த வீரர் எனப்படும் விளையாட்டு இது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை கொப்பின் சராசரி .367. அடியின் பலத்தைக் காட்டும் அளவிலும் பேப் ரூத்தின் .690ஐக் கிப்சனின் .718 முந்தியது.

இறந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதலிடம்! அவர் அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து மகிழவில்லை. பிந்திவந்த நீதி அவர் இழந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நீதி வந்ததற்குக் காரணம், எங்கோ ஒரு மைதானத்தின் ஓரத்தில் பெயர் தெரியாத ஒருவர் ஒவ்வோர் அடியையும் ஒழுங்காக எழுதி வைத்ததுதான். அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்த அடிகளும் காற்றோடு போயிருக்கும்.

இப்போது நான் புள்ளிப் புத்தகத்தை அலட்சியமாகத் திறப்பதில்லை. எந்த அணியின் பிள்ளையாக இருந்தாலும், அவள் அடித்ததை அடித்த கணத்திலேயே, அவளுடைய முழுப் பெயரோடு எழுதுகிறேன்.