பச்சை ஈரலும் இன்சுலினும்: வைத்தியர் ஜோர்ஜ் மைனொட்டின் வாழ்வு தரும் பாடம்

நீரிழிவு நோயாளர் ஒருவர் இருக்கும் வீட்டில் ஆலோசனைகளுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. சமைத்த உணவை முற்றாகக் கைவிட்டுப் பச்சை மரக்கறிகளையும் பழங்களையும் முளைகட்டிய பயறு வகைகளையும் மாத்திரமே உண்டால் குருதியிலுள்ள சீனி தானாகவே அடங்கிவிடும், மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்பது அவ்வாறான ஆலோசனைகளுள் ஒன்று. அதை நம்பிப் பின்பற்றுவோருக்குச் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ சோர்வு ஏற்படுமானால், உடல் கழிவுகளை அகற்றுவதன் அடையாளமே அது என்று சமாதானம் கூறப்படுவதும் உண்டு. உணவால் நோயை வெல்ல முடியுமா, முடியுமாயின் எந்த அளவுக்கு என்ற கேள்விக்குத் தமது வாழ்வையே விடையாக விட்டுச் சென்ற வைத்தியர் ஒருவரை இவ்வேளையில் நினைவுகூருவது பொருத்தமாகும். அவரே ஒரு நீரிழிவு நோயாளர். சோர்வினால் செத்துக்கொண்டிருந்த நோயாளர்களுக்குப் பச்சை ஈரலை உணவாகக் கொடுத்து உயிர்ப்பித்தவரும் அவரே. 1934ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்கரான ஜோர்ஜ் ரிச்சர்ட்ஸ் மைனொட் என்பவரே அவர்.

மைனொட் 1885ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஒரு வைத்தியர். குடும்பத்திலும் உறவிலும் வைத்தியர்கள் பலர் இருந்தனர். சிறு வயதில் அவர் நோஞ்சான் பிள்ளையாகவே வளர்ந்தார். பொஸ்டனின் கடுங்குளிரைத் தாங்க மாட்டார் என்பதால் குளிர்காலங்களில் வெப்பமான கலிபோர்னியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கு வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து, வகைபிரித்து, குறிப்பெழுதும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. பார்த்ததை நுணுக்கமாகப் பார்ப்பது, பார்த்தவுடன் எழுதி வைப்பது என்ற அந்த இரண்டு பழக்கங்களும் பிற்காலத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காக்கப் போகின்றன என்பதை அன்று எவரும் அறிந்திருக்க முடியாது.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1912ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்ற அவர், மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் பயிற்சி பெற்று, பின்னர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குருதி உறைதல் பற்றி ஆராய்ந்தார். 1915இல் பொஸ்டனுக்குத் திரும்பினார். குருதி நோய்களே அவரது துறையாயின. அவற்றுள்ளும் ஒரு நோய் அவரை விடாது துரத்தியது. அடிசன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விவரித்த, உயிர்கொல்லிக் குருதிச்சோகை என்று அழைக்கத்தக்க நோய் அது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களை அது மெல்ல மெல்லப் பற்றும். முதலில் காரணம் தெரியாத சோர்வு. பின்னர் தோலில் வெளிறிய மஞ்சள் நிறம், நாவிலே புண், பாதங்களில் விறைப்பு, நடையில் தள்ளாட்டம். ஈற்றில் மரணம். சில சமயம் நோய் தணிந்தது போலத் தோன்றும். ஆனால் மீண்டும் வரும். நோயாளர் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் மாண்டுபோயினர்.

இந்நோயாளர்களைச் சந்தித்தபோது மைனொட் ஏனைய வைத்தியர்கள் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு கேள்வியைக் கேட்டார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதே அக்கேள்வி. பொதுவாகக் கேட்டுவிட்டு அவர் விட்டுவிடவில்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கொரு முறை, எதை வெறுத்து ஒதுக்குகிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். உணவில் ஏதோ ஒன்று குறைவதால் நோய் வருகின்றதோ என்ற ஐயம் அவருள் வளர்ந்தது. தவிட்டை நீக்கிய அரிசியை மட்டும் உண்போருக்கு பெரிபெரி நோய் வருவதை அக்காலத்து மருத்துவ உலகம் அறிந்திருந்தமை அந்த ஐயத்துக்கு வலுவூட்டியது.

இந்நிலையிலேதான் 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அவரது வாழ்வில் இடி விழுந்தது. அப்போது அவருக்கு வயது 35. மனைவியும் சிறு பிள்ளைகளும் இருந்தனர். கடுமையான நீரிழிவு அவரைப் பீடித்திருப்பது கண்டறியப்பட்டது. அக்காலத்தில் அது ஏறத்தாழ மரண தண்டனைக்குச் சமமாகும். மருந்து எதுவும் இருக்கவில்லை. பட்டினியே சிகிச்சையாக இருந்தது. குருதியிலும் சிறுநீரிலும் சீனி தோன்றாதிருக்கும் எல்லை வரை உணவைக் குறைத்துக்கொண்டே செல்வர். மாச்சத்து நீங்கவேண்டும் என்பதற்காக மரக்கறிகளை மீண்டும் மீண்டும் நீர் மாற்றி அவித்து, சக்கையை மட்டும் உண்ணக் கொடுப்பர். நோயாளர் எலும்பும் தோலுமாகித் தமது நாட்களை எண்ணிக்கொண்டிருப்பர். பொஸ்டனின் புகழ்பெற்ற நீரிழிவு நிபுணரான எலியொட் ஜொஸ்லினின் பராமரிப்பில் மைனொட் இந்த விரதத்தை மேற்கொண்டார். ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்து உண்டார். அவரது உடல் மெலிந்தது. எனினும் அவர் வேலையை நிறுத்தவில்லை.

உணவுக் கட்டுப்பாடு என்ன செய்ய வல்லது, என்ன செய்ய வல்லதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அது மைனொட்டின் உயிரைச் சிறிது காலம் பிடித்து வைத்தது, காப்பாற்றவில்லை. காப்பாற்றியது இன்சுலின். அவருக்கு நோய் கண்டறியப்பட்ட அதே 1921ஆம் ஆண்டிலே, கனடாவின் டொரொன்டோ நகரில் பன்ரிங், பெஸ்ற் ஆகிய இருவரும் விலங்குகளின் சதையியிலிருந்து அம்மருந்தைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைனொட்டுக்கும் கிடைத்தது. நோய் ஓரிரு ஆண்டுகள் முன்னதாக வந்திருக்குமானால் அவர் பிழைத்திருக்க மாட்டார். அவர் பிழைத்திராவிட்டால் வேறு எத்தனை பேர் மாண்டிருப்பர் என்பதே இனி நாம் காணப்போவது.

உடல் தேறிய மைனொட் தமது பழைய கேள்விக்குத் திரும்பினார். ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் விப்பிள், குருதியிழந்த நாய்களுக்குப் பல்வகை உணவுகளைக் கொடுத்து ஆராய்ந்து, குருதியை மீளப் பெருக்குவதில் ஈரலே தலைசிறந்தது என்று கண்டிருந்தார். மைனொட், வில்லியம் மேர்பி என்ற இளம் வைத்தியருடன் இணைந்து, உயிர்கொல்லிக் குருதிச்சோகை நோயாளர்களுக்கு ஈரலைக் கொடுக்கலானார். நாளொன்றுக்கு 120 முதல் 240 கிராம் வரை ஈரல். அதனுடன் இறைச்சி, மரக்கறி, பழங்கள். சிலருக்கு இலேசாக வேகவைத்தும், சிலருக்குப் பச்சையாகவே அரைத்துத் தோடம்பழச் சாற்றில் கலந்தும் கொடுக்கப்பட்டது. உணவின் வாடையே பிடிக்காத நிலையிலிருந்த நோயாளர்களுக்கு இது எளிதான காரியமன்று. எடுத்ததற்கெல்லாம் தராசைத் தேடும் வைத்தியரே பக்கத்தில் நின்று பொறுமையுடன் வற்புறுத்தவேண்டியிருந்தது.

பலன் வியக்கத்தக்கதாக இருந்தது. ஒரு வாரம் அளவில் நோயாளரின் குருதியில் புத்தம்புதிய இளஞ் செங்குழியங்கள் திரள் திரளாகத் தோன்றுவதை நுணுக்குக்காட்டியில் காண முடிந்தது. செயலிழந்து கிடந்த என்புமச்சை விழித்துக்கொண்டது என்பதே அதன் பொருள். நோயாளர் தமக்கு உடம்பு தெம்பாக இருப்பதாகக் கூறுவதை மட்டும் மைனொட் ஆதாரமாகக் கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இந்நோய் சில வேளை தானாகவே தணியும் இயல்புடையது என்பதை அவர் அறிவார். ஆகவே எண்ணினார், எண்ணியதை எழுதினார். 45 நோயாளர் பற்றிய விபரங்களை 1926ஆம் ஆண்டு இருவரும் வெளியிட்டனர். நூறாண்டு கழிந்த இன்றும் அவ்வறிக்கை மருத்துவ வரலாற்றின் மைல்கல்லாகவே மதிக்கப்படுகின்றது.

ஆயினும் மைனொட்டின் விளக்கம் பாதியளவே சரியானது என்பதையும் இங்கு கூறியாக வேண்டும். உணவிலுள்ள குறைபாடே நோய்க்குக் காரணம் என்று அவர் கருதினார். மைனொட் 1928இல் தலைமையேற்ற பொஸ்டன் நகர வைத்தியசாலையின் தோண்டைக் ஆய்வுகூடத்திலேயே பணியாற்றிய வில்லியம் காசில் என்பவர், குறை உணவில் அன்று, நோயாளரின் இரைப்பையிலேயே இருக்கின்றது எனக் காட்டினார். மாட்டிறைச்சியைத் தாமே உண்டு, ஒரு மணிநேரத்தின் பின் வாந்தியாக வெளியேற்றி, அதைப் பதப்படுத்தி நோயாளருக்குச் செலுத்தினார். நோயாளர் தேறினர். இறைச்சியை மட்டும் கொடுத்தபோது தேறவில்லை. ஆரோக்கியமான இரைப்பை சுரக்கும் ஒரு பொருளின்றி, உணவிலுள்ள மருந்துப்பொருள் உடலில் சேராது என்பது இதனால் தெளிவாயிற்று. பெருமளவு ஈரலை நாள்தோறும் உண்டபோது மிகச் சிறு பங்கு எவ்வாறோ உட்புகுந்து உயிரைக் காத்தது. விப்பிளின் நாய்களைத் தேற்றியதோ பெரும்பாலும் ஈரலிலிருந்த இரும்புச்சத்து. காரணங்கள் வேறாயினும் வழி ஒன்றாக அமைந்தது. ஈரலிலுள்ள அந்த மருந்துப்பொருள் 1948இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதனை விற்றமின் பி12 என்று அழைக்கின்றோம்.

1934இல் விப்பிள், மைனொட், மேர்பி மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாறு பரிசு பெற்ற காலத்திலும் மைனொட் தமது உணவை நிறுத்து உண்பதையும் இன்சுலின் ஏற்றுவதையும் கைவிட்டவரல்லர். எனினும் நீரிழிவு தன் கடனை அறவிட்டே தீர்ந்தது. 1940ஆம் ஆண்டளவில் நீரிழிவின் பின்விளைவுகள் தலைகாட்டின. 1947இல் பக்கவாதம் அவரை முடக்கியது. 1950ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, 64ஆவது வயதில் அவர் காலமானார். இன்சுலின் அவருக்கு ஈந்த ஆயுள் 27 ஆண்டுகள்.

இவ்வாழ்விலிருந்து இன்றைய நீரிழிவு நோயாளர் பெறத்தக்கது யாது? மூன்று விடயங்களை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

முதலாவது, சோர்வு என்பது ஒரு விடையன்று; அது ஒரு கேள்வி. சீனி கூடினாலும் சோர்வு வரும், குறைந்தாலும் வரும், குருதிச்சோகையினாலும் வரும். விற்றமின் பி12 தாவர உணவுகளில் இயற்கையாகக் கிடைப்பதில்லை என்றே கொள்ள வேண்டும். ஈரல், இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே அது உண்டு. உடலிலுள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிப்பதால், பச்சைத் தாவர உணவுக்கு மாறியவர் ஆரம்பத்தில் எக்குறையையும் உணரார். ஜேர்மனியில் நீண்டகாலமாகச் சமைக்காத உணவை உண்டுவந்த 201 பேரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், தீய கொழுப்பு குறைந்திருந்த நன்மையோடு, நூற்றுக்கு 38 பேருக்கு பி12 பற்றாக்குறை இருந்தமையும் தெரியவந்தது.

இரண்டாவது, நீரிழிவுக்காக மிகப் பரவலாக வழங்கப்படும் மெற்ஃபோமின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் பி12 குறையக்கூடும். பி12 குறைவினால் ஏற்படும் பாத விறைப்பும் எரிவும் நீரிழிவினால் ஏற்படுபவற்றைப் போன்றே இருப்பதால், பழி சீனியின் மீது விழுந்துவிடும். பாலையும் ஒதுக்கிய சைவ உணவினரும், இரைப்பை நோயுள்ள முதியவர்களும், இம்மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்போரும், மாமிசம் உண்பவராயினும் சரி, கிளினிக்குக்குச் செல்லும்போது பி12 பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்பது நன்று. குறை இருப்பின் மாத்திரையாலோ ஊசியாலோ அதனை எளிதில் நிவர்த்திக்கலாம். கவனியாது விட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடலாம். இதற்காக இன்று எவரும் பச்சை ஈரல் உண்ணத் தேவையில்லை. கிருமித்தொற்று அபாயம் உள்ளதால் உண்ணவும் கூடாது.

மூன்றாவது, உணவை மாற்றுவோர் மருந்தைத் தாமாக மாற்றலாகாது. மாச்சத்தைத் திடீரெனக் குறைத்துவிட்டு, இன்சுலினையோ சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகளையோ பழைய அளவில் தொடர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்ந்து மயக்கம் உண்டாகலாம். மறுபுறத்தில், இன்சுலினையே நம்பி வாழும் நோயாளர், உணவே போதும் என்று அதனை நிறுத்துவாராயின், 1921இல் மைனொட் நின்ற இடத்துக்கே திரும்பிச் செல்கின்றார். பச்சை மரக்கறிகளையும் நார்ச்சத்துள்ள உணவுகளையும் கூடுதலாக உண்பது நல்லதே. அதனை வைத்தியருக்குத் தெரியப்படுத்தி, சீனியை அளந்து பார்த்து, மருந்தின் அளவை அவரே திருத்தும்படி செய்வதே பாதுகாப்பான வழி.

உணவை மருந்தாக்கிய மைனொட், உணவை நிறுத்து உண்ட அதே கையால் இன்சுலினையும் ஏற்றிக்கொண்டார். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு எவர் கூறினும், நம் வீட்டு நோயாளர் அதற்குச் செவிசாய்க்கும் முன்பு ஒருமுறை குருதியைப் பரிசோதித்துப் பார்க்கட்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.