மானின் மூக்கை ஏமாற்றியவர்

நாய்கள் விடாமல் குரைத்தன. ஆடு மாடு வெட்டும் கொட்டடியில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். வேலி ஓரத்தில் ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடந்தார். வயது ஐம்பது இருக்கும். எலும்பும் தோலுமான உடம்பு. மேலே கிழிந்த கித்தான் துணி ஒன்று. தலைமயிர் ஒட்டப் பொசுக்கப்பட்டிருந்தது. யார் என்ன கேட்டாலும் அவருக்குப் புரியவில்லை. அவர் பேசியது மற்றவர்களுக்கும் புரியவில்லை.

அது 1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி. இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஓரோவில் என்னும் ஊர். அந்த மனிதரைத்தான் உலகம் பிறகு இஷி என்று அழைத்தது.

காட்டு மானுக்குக்கூடத் தம் வாடை தெரியாமல் நடமாடியவர் அவர். பசியும் தனிமையும் அவரை நாய்களின் வாயிலில் கொண்டுவந்து விட்டன.

மான் ஓடைக்கரை மக்கள்

கலிபோர்னியாவின் வடக்கே லாசன் என்ற எரிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஓடும் ஓர் ஆற்றுக்கு டீர் கிரீக், அதாவது மான் ஓடை என்று பெயர். அங்கே யாஹி என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். மொத்தம் நானூறு பேர் இருந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பு. ஆற்றில் சால்மன் மீன், மரத்தில் ஓக் கொட்டை, காட்டில் மான். இவைதான் அவர்கள் உணவு. இஷி 1861-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார்.

அவர் பிறப்பதற்கு முன்பே கேடு வந்துவிட்டது. 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டே ஆயிரக் கணக்கில் வெள்ளையர் வந்து குவிந்தார்கள். சுரங்க மண் ஆறுகளைக் கலக்கியது. மீன் குறைந்தது. மேய்ச்சல் மாடுகள் காட்டைப் பிடித்துக்கொண்டன. மான் குறைந்தது. பசி தாங்காத யாஹிகள் மாடுகளைப் பிடித்துத் தின்றார்கள். குடியேறியவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். 1865-ல் யாஹிகளின் குடியிருப்பு ஒன்றைச் சூழ்ந்து சுட்டார்கள். பலர் மாண்டார்கள். இதைப் போன்ற தாக்குதல்கள் தொடர்ந்தன. கடைசியில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே மிஞ்சினார்கள். சிறுவன் இஷியும் அவன் தாயும் அவர்களில் இருவர்.

புகை தெரியாத அடுப்பு

அந்தச் சிலர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். மண்ணில் கால் வைத்தால் தடம் விழும். அதனால் கல்லுக்குக் கல் தாவி நடந்தார்கள். முள் புதர்களை வெட்டாமல், அவற்றின் அடியில் ஊர்ந்து போனார்கள். கோடரிச் சத்தம் கேட்டால் யாராவது வருவார்கள் என்ற பயம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் புகைக்குத்தான். புகை எழுந்தால் தொலைவில் இருக்கும் மனிதனுக்குத் தெரியும். ஆகவே சிறிய நெருப்பே மூட்டினார்கள். புதர் மறைவில் புகை கலைந்து போகும்படி பார்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் நெருப்பு எரிந்த இடத்தைக் கல்லால் மூடினார்கள்.

வேட்டைக்கு முன் குளியல்

மானுக்குக் கண்ணை விட மூக்கு கூர்மை. மனித வாடை காற்றில் லேசாக வந்தாலும் போதும், பாய்ந்து ஓடிவிடும். துப்பாக்கிக்காரன் தொலைவில் நின்று சுட்டுவிடுவான். வில்லைப் பிடித்தவனுக்கோ அருகில் போனால்தான் அம்பு தைக்கும். அதனால் வேட்டைக்காரன் தன் வாடையை மறைக்கவேண்டும்.

இதற்காக உடுப்பைப் புகையில் காட்டி, அந்த மணத்தோடு காட்டுக்குள் போகும் வேட்டைக்காரர்கள் உண்டு. விறகுப் புகை மனித வாடையை அமுக்கும் என்பது அவர்கள் எண்ணம். இஷிக்கு அது ஒத்து வராது. புகை மானை ஏமாற்றலாம். ஆனால் மனிதனை அழைத்து வந்துவிடும்.

அவர் முறை வேறு. வேட்டைக்கு முதல் நாளே மீன் சாப்பிடமாட்டார். புகையிலையைத் தொடமாட்டார். இரண்டின் நெடியும் மானுக்கு எட்டிவிடும் என்பது அவருக்குத் தெரியும். மறுநாள் விடியற்காலையில் எழுந்து ஓடையில் குளிப்பார். வாயைக் கொப்பளிப்பார். புதினாவைப் போல் மணக்கும் ஒரு காட்டுச் செடியின் இலைகளைக் கசக்கி உடம்பு முழுவதும் தேய்த்துக்கொள்வார். அந்தச் செடியின் பெயர் யெர்பா புவேனா. தண்ணீர் மட்டும் குடிப்பார், சாப்பிடமாட்டார்.

பிறகு அரைத்துணி மட்டும் கட்டிக்கொண்டு கிளம்புவார். சட்டையும் செருப்பும் புதரில் உரசிச் சத்தம் போடும் என்று அவற்றை ஒதுக்கிவிடுவார். காற்று மானிடமிருந்து தம் பக்கம் வீசும்படி பார்த்துப் பதுங்கிப் போவார். இலையை உதட்டில் வைத்து மான் குட்டியைப் போலக் கத்துவார். பஞ்சடைத்தது போலப் பதப்படுத்திய மான் தலையைத் தலையில் மாட்டிக்கொண்டு புதருக்கு மேல் அசைப்பதும் உண்டு. மான் என்னவென்று பார்க்க நெருங்கி வரும். அம்பு பறக்கும்.

எல்லாம் போயிற்று

1908-ல் நில அளவைக்காரர்கள் மான் ஓடைப் பக்கம் வந்தார்கள். ஒளிந்திருந்த குடிசைகளைக் கண்டுவிட்டார்கள். இஷியின் தங்கையும் ஒரு கிழவரும் ஓடினார்கள். அவர்களை இஷி மறுபடி பார்க்கவே இல்லை. நடக்க முடியாத தாய் போர்வைக்குள் கிடந்தாள். வந்தவர்கள் அவளைத் தொடவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, தோல் ஆடை எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். தாய் சில நாட்களில் கண் மூடினாள்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் இஷி தனி ஆள். துக்கத்துக்கு அடையாளமாகத் தலைமயிரைப் பொசுக்கிக்கொண்டார். ஒரு நாள் மலையை விட்டு இறங்கினார்.

நகரத்து வாழ்க்கை

ஓரோவில்லில் அவரைச் சிறையில் வைத்தார்கள். குற்றத்துக்காக அல்ல, கூட்டத்திடமிருந்து காப்பதற்காக. சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் தாமஸ் வாட்டர்மேன் வந்து, பழங்குடிச் சொற்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். சிவினி என்ற சொல் வந்தது. பைன் மரம் என்று பொருள். கட்டிலின் பைன் மரச் சட்டத்தை வாட்டர்மேன் தட்டிக் காட்டினார். இஷியின் முகம் மலர்ந்தது. பல காலத்துக்குப் பிறகு அவர் காதில் விழுந்த தாய்மொழிச் சொல் அது.

சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பொருட்காட்சி சாலையில் அவருக்கு அறை கொடுத்தார்கள். அந்த நகரத்துக்கு 1847 வரை யெர்பா புவேனா என்றுதான் பெயர். அவர் உடம்பில் தேய்த்துக்கொண்ட அதே செடியின் பெயர்!

தம் பெயரைத் தாமே சொல்வது யாஹி வழக்கம் அல்ல. சொல்லி அறிமுகப்படுத்த உறவினர் யாரும் இல்லை. ஆகவே பேராசிரியர் ஆல்பிரட் குரோபர் அவருக்கு இஷி என்று பெயர் வைத்தார். அந்த மொழியில் மனிதன் என்று பொருள். உண்மைப் பெயர் அவரோடு போயிற்று.

மாதம் 25 டாலர் சம்பளத்தில் அங்கேயே கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தார். பார்க்க வந்தவர்களுக்கு அம்பு முனை செதுக்கிக் காட்டினார். பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் அருகே நின்று பாட்டும் பாடினார். அங்கே டாக்டர் சாக்ஸ்டன் போப் நண்பரானார். டாக்டர் வைத்தியம் பார்த்தார். இஷி அவருக்கு வில் கற்றுக்கொடுத்தார்.

1914 மே மாதம் நண்பர்கள் அவரை மான் ஓடைக்கு அழைத்துப் போனார்கள். முதலில் அவருக்கு விருப்பம் இல்லை. பிறகு சம்மதித்து, ஒளிந்த இடம், வேட்டையாடிய வழி எல்லாம் காட்டினார். போப் 1923-ல் வில் வேட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் அந்தக் கலை திரும்பத் தழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். குளியலும் பச்சிலையும் அதில் பதிவாகி இருக்கின்றன.

கடைசிப் பயணம்

நகரத்து நோய்களைத் தாங்கும் சக்தி இஷியின் உடம்புக்கு இல்லை. காச நோய் பிடித்தது. 1916-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி இறந்தார்.

அவர் உடலை அறுக்கக்கூடாது என்று வெளியூரில் இருந்த குரோபர் எழுதினார். கடிதம் வந்து சேருமுன் அறுத்துவிட்டார்கள். உடலை எரித்துச் சாம்பலைக் கல்லறையில் வைத்தார்கள். மூளையைத் தனியே எடுத்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிலையத்துக்கு அனுப்பினார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது.

பழங்குடி மக்கள் அதைக் கேட்டுப் போராடினார்கள். 2000-ம் ஆண்டில் இஷியின் மொழிக்கு உறவான இனத்தார் அதைப் பெற்றார்கள். சாம்பலையும் சேர்த்து, அவர் பிறந்த மலைநாட்டில் அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்பதை வெளியார் யாருக்கும் அவர்கள் சொல்லவில்லை.